பாகு கடிக்கும் பல்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தோன்றாது. அதில் எனக்கு வெட்கமும் கிடையாது. கோவில்பட்டியில் முப்பது வருஷமாகக் கடலை மிட்டாய் போடுகிறேன். வெல்ல மூட்டையைப் பிரித்து, அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டைகூட இறக்கியதில்லை. மேலே பொன்னிறமாக இருக்கும், அடியில் மண் கிடக்கும். கடலையும் அப்படித்தான். மனிதர்களும் அப்படித்தான் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரி செண்பகவல்லிக்குக் கோபம் வந்துவிடும்.

ஆகவே திருநெல்வேலிப் பல் டாக்டரம்மா என் வாயைப் பார்த்துச் சுத்தம் செய்து முடித்த கையோடு, மேசை டிராயரை இழுத்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தபோதே எனக்குச் சுருக்கென்றது.

"ஈறு நல்லா வீங்கியிருக்கு. முன்னால மேல்பல் ரெண்டும் ஆடுது. மூணு மாசம் இதால தேய்ங்க. மாசம் ஒரு தடவை வாங்க, நான் சுத்தம் பண்ணி விடுறேன். பல்லைக் காப்பாத்திரலாம். இல்லேன்னா எடுக்க வேண்டியதுதான்" என்றார்.

பெட்டிக்குள் சார்ஜ் ஏற்றுகிற எலக்ட்ரிக் பிரஷ். டார்ச் லைட் கனத்துக்கு ஒரு பிடி, அதன் தலையில் காலணா அகலத்துக்கு ஒரு வட்டப் பிரஷ், நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு.

"சாதா பிரஷ்ல தேய்ச்சா ஆகாதா?" என்று கேட்டேன்.

"நீங்க பாத்திரம் விளக்குற மாதிரி அழுத்தித் தேய்க்கிறீங்க. ஈறு தேஞ்சு போச்சு. இதை அழுத்தினா அதுவே நின்னுரும்."

வைத்தியம் பார்க்கிறவர் தன் டிராயரிலிருந்தே சாமானையும் எடுத்து நீட்டினால் அதில் ஏதோ இருக்கிறது என்பது என் கணக்கு. வேறு விஷயமாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். ஆனால் 'எடுக்க வேண்டியதுதான்' என்ற சொல் என்னைப் பையில் கை விட்டுப் பணத்தை எண்ண வைத்துவிட்டது.

மற்றவர்களுக்குப் பல் போனால் முறுக்கு தின்ன முடியாது, அவ்வளவுதான். என் சங்கதி வேறு. எங்கள் கம்பெனியில் வெல்லப்பாகு காயும்போது ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் விடுவார்கள். உறைந்ததை ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டுவார்கள். நான் கடிப்பேன். கடக்கென்று உடைந்தால் தலையை ஆட்டுவேன். அதற்குப் பிறகுதான் வறுத்த கடலையைப் பாகில் கொட்டலாம். பல்லில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும் என்று அர்த்தம். ஒட்டுகிற பாகில் மிட்டாய் போட்டால் இரண்டே நாளில் இளகிப் பாக்கெட்டோடு அப்பிக்கொள்ளும். அப்பா இருந்தவரைக்கும் அவர் கடித்தார். அவருக்குப் பிறகு நான். பில் போடுவது, வண்டி பிடிப்பது, கடைக்காரர்களிடம் பேசுவது எல்லாம் தம்பி சுந்தரபாண்டியன்தான். ஆனால் கடிக்கிறவன் சொல்தான் கம்பெனியில் சொல். பல் போனால் அந்த இடம் போகும், அது தம்பிக்குப் போகும்.

போன தீபாவளியிலிருந்தே பல் ஆட்டம் கண்டுவிட்டது. அன்றிலிருந்து முன்பல்லால் கடிப்பதை விட்டுவிட்டேன். கடைவாயில் ஒதுக்கி, பட்டும் படாமலும் கடித்துத் தலையை ஆட்டி வந்தேன். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. கோவில்பட்டியில் இத்தனை பல் டாக்டர்கள் இருக்கும்போது நான் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனது அதனால்தான்.

மறுநாள் காலை. கரண்டு, தண்ணீர், வாய். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தவன் நல்ல எண்ணத்தில் சேர்த்திருக்க மாட்டான் என்று எனக்குப் பட்டது. பிரஷ்ஷின் பிடியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. அப்போதும் மனசு கேட்கவில்லை. மணைப்பலகையைக் கொண்டுவந்து குளியலறையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன்.

"என்ன, பல்லு தேய்க்கப் போறீங்களா, இல்ல மாலை மாத்தப் போறீங்களா?" என்றாள் செண்பகவல்லி.

"கரண்டு அடிச்சா நீ வந்து பாப்பியா?"

"அதுக்குள்ள பேட்டரிதான இருக்கு. டார்ச் லைட்டு பிடிச்சி எவனும் செத்துருக்கானா?"

பற்பசையை வைத்துப் பித்தானை அமுக்கினேன். வாய்க்குள் வைத்துவிட்டுத்தான் அமுக்க வேண்டுமாம். பசை முழுவதும் கண்ணாடியிலும் என் பனியனிலும் தெறித்தது. மறுபடி வைத்து அமுக்கினேன். மண்டை ஓடு முழுக்க ரைஸ்மில் ஓடியது. அரை நிமிஷத்தில் ஒரு விக்கல் விக்கி மறுபடி ஓடியது. சரிதான், பழுதான சாமானைத் தள்ளிவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்த தாளை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது, வாயின் அடுத்த பக்கத்துக்குப் போ என்று அது சொல்கிற ஜாடையாம் அது. கொஞ்சம் அழுத்தினேன், சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுகொண்டது. என்னை அதட்டுகிற சாமான் எதையும் நான் அதுவரை வாங்கியதில்லை.

துப்பினால் ரத்தம். இது ஈறைக் குத்திப் புண்ணாக்கி, மறுபடி டாக்டரிடமே அனுப்பி வைக்கிற வேலை என்று முடிவு செய்தேன். சும்மா விடுவேனா? சோதித்துப் பார்த்தேன். வலது பக்கம் மட்டும் எலக்ட்ரிக் பிரஷ், இடது பக்கம் வழக்கம்போல விரலும் பல்பொடியும். இப்படிப் பன்னிரண்டு நாள். பதிமூன்றாம் நாள் வலது பக்கத்தில் ரத்தம் நின்றிருந்தது. இடது பக்கம் பழைய கதைதான். டாக்டரம்மா சுத்தம் செய்தது இரண்டு பக்கமும்தானே? அப்படியானால் பிரஷ் பொய் சொல்லவில்லை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் அதாலேயே தேய்த்தேன்.

சிக்கல் வந்தது சார்ஜ் ஏற்றுவதில். குளியலறையில் பிளக் கிடையாது. மிக்ஸி மாட்டுகிற பிளக்கில் மாட்டப் போனால் செண்பகவல்லி கையை மறித்தாள். "எச்சி சாமானை அடுப்பங்கரையில சொருகுனீங்கன்னா நான் சமைக்க மாட்டேன்" என்றாள். முன்னறையில் மாட்ட முடியாது. அடுத்த வீட்டிலிருக்கும் தம்பி தினமும் காலையில் காப்பிக்கு அங்கேதான் வந்து உட்காருவான். கடைசியில் கம்பெனியில் வெல்ல மூட்டை அடுக்கும் அறையைக் கண்டுபிடித்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பிளக் உண்டு. காலையில் கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்துவேன், சாயங்காலம் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வருவேன்.

ஒரு தடவை ஏற்றினால் இரண்டு வாரம் ஓடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூன்றாம் நாளே சிவப்பு விளக்கு மின்னியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி மூன்று நாள். ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் பிளக் பிடுங்கித் தரையில் கிடந்தது. தானாகக் கழன்று விழுகிற பிளக் இல்லை அது, மாட்டும்போதே மல்லுக்கட்ட வேண்டும்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. கொஞ்ச நாளாகவே நான் பாகைக் கடிக்கும்போது தம்பி பில் புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறான். பார்வை பாகில் இல்லை, என் வாயில். போன மாசம் ஒருநாள், "அண்ணாச்சி, நானும் கடிச்சிப் பழகட்டுமா?" என்று கேட்டான். "எதுக்கு? நான் இருக்கேம்லா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

"உன் கொழுந்தன் வேலைதான்" என்றேன் செண்பகவல்லியிடம்.

"அவிய எதுக்கு உங்க பிரஷ்ஷப் பிடுங்கப் போறாவ?"

"என் பல்லு விழுந்தா அந்த எடத்துல வந்து நிக்கப் போறது யாரு? யோசிச்சிப் பாரு."

"உங்களுக்குப் பல்லுல வியாதி இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால்தான் இவள் நம்புவாள். புதன்கிழமை காலை பிரஷ்ஷை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, முதல் சட்டிப் பாகைக் கடித்துத் தலையை ஆட்டினேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எட்டயபுரம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன். தெருமுனையில் திரும்பி, பின்சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்கதவு வழியாக வெல்ல அறைக்குள் நுழைந்து மூட்டைகளுக்குப் பின்னால் குத்த வைத்துக்கொண்டேன். சட்டைக்குள் எறும்பு ஏறியது. மூச்சுக் காட்டவில்லை. அடுப்படியைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு, அங்கே பேசுவது எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

"அண்ணாச்சி போயிட்டாவளா?" தம்பியின் குரல்.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சே, சின்ன மொதலாளி." இது வள்ளிமயில். எங்களிடம் பதினெட்டு வருஷமாக அடுப்படியில் நிற்பவள்.

வா ராசா, வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அப்பம் நீ கடிச்சிப் பாரு, வள்ளி."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தேன். நான் தலையாட்டிவிட்டு வந்த பாகு இறக்கப்படாமல் அடுப்பிலேயே இருந்தது. வள்ளிமயில் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

"ஒட்டுது. இன்னும் கொஞ்சம் காயணும்" என்றாள்.

கழுகுமலையில் தீப்பெட்டி வேலையை விட்டுவிட்டு அந்த வாரம்தான் எங்களிடம் சேர்ந்திருந்த சொர்ணத்தாய், கடலைத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். "பெரிய மொதலாளி சரின்னுல்லா தலையாட்டிட்டுப் போனாவ?"

"நீ புதுசு. தீவாளியிலருந்தே அவிய பல்லு சரியில்ல. பதம் தெரியல அவியளுக்கு. அவிய தலையாட்டுவாவ, அங்கிட்டுப் போவாவ, நாங்க பாத்து எறக்குவோம். தெனமும் இதான்" என்றாள் வள்ளிமயில்.

"வெளிய எங்கனயும் இதப் பேசிராத தாயி" என்றான் தம்பி. "அண்ணாச்சி காதுல விழுந்துச்சின்னா மனசு விட்டுப் போவாவ. நானாவது பழகிக்கிடலாம்னு கேட்டுப் பாத்தேன். சம்மதிக்கல."

நான் மூட்டைமேல் சாய்ந்துகொண்டேன். தீபாவளியிலிருந்து ஒன்பது மாசம். தினமும் ஏழெட்டுச் சட்டி. ஒவ்வொரு சட்டிக்கும் என்னிடம் தட்டை நீட்டி, நான் ஆட்டுகிற தலையைப் பார்த்து 'சரி, மொதலாளி' என்று சொல்லியிருக்கிறார்கள். என் கண் முன்னால் ஒருத்தி முகத்திலும் ஒரு சிரிப்பு வந்ததில்லை. அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து வள்ளிமயில் அறைக்குள் வந்தாள். கையில் செல்போனும் சார்ஜரும். மூட்டை இடுக்கில் கையை விட்டு, என் பிரஷ் பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுத் தன் போனை மாட்டினாள்.

"ஏட்டி!" என்று எழுந்தேன்.

அவள் வீலென்று கத்தினாள். "என் பிரஷ்ஷ எதுக்குட்டி பிடுங்குன? இது உன் வீட்டு பிளக்கா? கேக்காம பிடுங்கலாமா?" என்று நானும் கத்தினேன். கத்த வேண்டியது வேறு எதற்கோ என்று எனக்கே தெரிந்தது. ஆனால் வாயில் பிரஷ்தான் வந்தது.

"உங்களுதுன்னு தெரியாது மொதலாளி. கொசு மருந்து மெசின்னு நெனச்சேன்" என்றாள், தன் போனைக் கழற்றிக்கொண்டே.

தம்பி ஓடி வந்தான். எறும்பும் வெல்லத் தூசியுமாக நின்ற என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். அவன் முகம் செத்துப் போனது.

"எப்பம் வந்தீங்க, அண்ணாச்சி?"

"இப்பந்தான்" என்றேன்.

அவன்மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். பிளக்கைப் பிடுங்கியிருந்தால், என் இடத்துக்குக் குறி வைத்திருந்தால், கோபப்பட்டிருக்கலாம். இவனை என்ன சொல்லித் திட்டுவது? கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த சட்டி காய்ந்தது. வழக்கம்போல வள்ளிமயில் தட்டை என்னிடம் நீட்டினாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எடுத்து, தீபாவளிக்குப் பிறகு முதல் தடவையாக முன்பல்லில் வைத்துப் பலங்கொண்ட மட்டும் கடித்தேன். பல் ஆடவில்லை. வலிக்கவும் இல்லை. இரண்டு மாசப் பிரஷ் வேலை செய்திருந்தது. பாகு உடைந்தது. பதம் சரி என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் ஒன்பது மாசமாகத் தப்பாக ஆட்டிய தலையை இப்போது ஆட்ட முடியவில்லை. நான் நம்பாதவர்களின் வரிசையில் அன்று நானே வந்து நின்றேன்.

தட்டை வள்ளிமயில் பக்கம் திருப்பினேன். "நீ கடிச்சிச் சொல்லு."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

"சரியாத்தான் இருக்கு, மொதலாளி."

"என் மூஞ்சியப் பாக்காம சொல்லு, தாயி."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு துண்டைக் கடித்து மென்றாள்.

"இன்னும் ஒரு கொதி வரணும்" என்றாள், மெதுவாக.

"அப்பம் வரட்டும்" என்றேன்.

மூன்றாம் மாசம் திருநெல்வேலிக்குப் போனபோது டாக்டரம்மா என் முன்பற்களை ஒரு கம்பியால் தட்டிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கு, இனிமேல் என்ன வேண்டுமானாலும் கடிக்கலாம் என்றார். அவர்மேல் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. பிரஷ்மேலும் இல்லை. யாராவது கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சார்ஜும் சொன்ன மாதிரி இரண்டு வாரம் நிற்கிறது. கம்பெனியில் தட்டை இப்போது வள்ளிமயில் பக்கம் நீட்டுகிறார்கள். நான் தினமும் காலையிலும் ராத்திரியிலும் பல்லை நன்றாகத் தேய்த்துவிட்டு, சோறுதான் தின்கிறேன்.