மூன்றாம் படியில் கூப்பிட வேண்டும்

1

ஆறு வருடக் குடித்தனம் ஒரே ஒரு சொல்லுக்குப் போயிற்று. அடிமாட்டு விலை. விற்றவன் நான்.

அந்தச் சொல், 'பார்க்கலாம்'.

இந்தக் கதை பிறந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் மனைவியிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. பதினொரு மாதமாக வேறு ஊரில் இருக்கிறாள். அட்டையில் நாலே வரி. அவள் குடியிருக்கும் வீட்டில் இரண்டு அறை. ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வேறொருவருக்கு விடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்: நீ வருகிறாயா, இல்லையா?

பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு சொல் போதும். எழுத எழுத அது கதையாகிவிட்டது.

தபால் போய்ச்சேர இரண்டு நாள். இன்று பதினேழு.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'அவள் லிஃப்டில் ஏறியபோது வெளியே மழை கொட்டிக்கொண்டி

இல்லை. அன்று நல்ல வெயில். மழை நான் சேர்த்த கொசுறு.

இரண்டாவது: 'மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே அந்த அகராதிக்காரி

அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. எங்கள் துணிக்கடையில் ஊசிக்கு நூல் கோக்க என் அண்ணன் அவளைத்தான் தேடுவான். அகராதி அலுவலகத்தில் வேலை என்றதும் நீங்கள் ஒரு கண்ணாடியை எதிர்பார்ப்பீர்களே என்று மாட்டிவிட்டேன். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே எடுத்துப் போடுவது எங்கள் குடும்பத்து வியாதி.

மூன்றாவது: 'லத்தீன் மொழியில் ஒரு சொல் இருந்தது.' இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

என் மனைவிக்கு ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கிற இடத்தில் வேலை. (அகராதி பிடித்தவள் என்று என் அக்கா ஒருமுறை சொல்லிவிட்டாள். நாங்கள் பதறினோம். இவள், ஆமாம் அண்ணி, மாதச் சம்பளத்துக்கு, என்றாள்.) நீளமான மேசை, நாலு பேர், ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. சீட்டுகளை அடுக்கி வைக்கச் செருப்புக்கடையிலிருந்து வாங்கிவந்த அட்டைப்பெட்டிகள். ஆங்கில 'வி' எழுத்துப் பெட்டி அவள் பொறுப்பு.

அதில் வந்த சீட்டு 'வேக்' (vague). தெளிவில்லாதது, பிடிகொடுக்காதது என்பது பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மூலம் லத்தீன். அங்கே அது அலைகிறவனைக் குறித்தது, ஓரிடத்தில் நிற்காதவனை. நிலைகொள்ளாத மனசுக்கும் அந்தக் காலத்திலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். நாடோடி என்று பொருள்படும் 'வேகபாண்ட்' இதற்குப் பங்காளி. 'எக்ஸ்ட்ராவகன்ட்' இன்னொரு பங்காளி. எல்லை தாண்டி அலைவது என்று ஆரம்பித்து, கைமீறிச் செலவழிப்பதில் வந்து நிற்கிறது. அந்தப் பங்காளியை எங்கள் வீட்டு வாசலிலேயே சேர்க்கமாட்டார்கள்.

இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்வாள். மூன்று வாரம் அந்த ஒரு சீட்டோடு மல்லுக்கட்டினாள். 'மங்கலான' என்று எழுதி அடித்தாள். 'தெளிவற்ற' என்று எழுதி அதையும் அடித்தாள். ஒருநாள் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு சீட்டை என் முன்னால் நீட்டினாள்.

"ஒரு உதாரண வாக்கியம் வேணும், முதலாளி. நீ தினம் பேசுறதுல ஒண்ணு குடு."

"பார்க்கலாம்" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.

(முதலாளி என்பது கிண்டல். துணிக்கடை அப்பாவுடையது, இப்போது அண்ணனுடையது. எனக்கு அதில் ஒரு நாற்காலி.)

4

அந்தக் கடைக்கு மூன்று படிகள். அப்பாவின் சட்டம் முழுவதும் அந்த மூன்றில் அடங்கும். விலையை முதலில் நீ சொல்லாதே. 'இல்லை' என்ற சரக்கு நம்மிடம் கிடையாது. கேட்ட நிறம் இல்லாவிட்டாலும் பார்க்கலாம் என்று சொல். ஆள் எழுந்து போகிறாரா, போகட்டும். முதல் படியில் இறங்கும்போது துணியை மடித்துக்கொண்டிரு. இரண்டாம் படியில் தொண்டையைச் செருமு. மூன்றாம் படியில் கூப்பிடு. முன்னால் கூப்பிட்டால் நீ தோற்றாய். பின்னால் கூப்பிட்டால் அவர் எதிர்க்கடைக்காரருடைய ஆள்.

அகராதி அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றியபோது அவள் என்னையும் வரச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். என் கணக்கில் அது பேரத்தின் முதல் சொல். அதற்கு மேல் அவள் கொஞ்சம் ஏற வேண்டும், நான் கொஞ்சம் இறங்க வேண்டும், கடைசியில் சிரித்தபடி கட்டிக் கொடுக்க வேண்டும். அவளுக்குப் பேரம் தெரியாது. கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டாள்.

புறப்பட்ட அன்று இரண்டு பெட்டிகளோடு கதவருகில் நின்றாள்.

"அந்தச் சீட்ட முடிச்சிட்டேன். அர்த்தம் எப்படித் தலைகீழாப் போயிருக்கு பாத்தியா? அப்ப, ஊர் ஊராப் போறவனுக்குச் சொன்னாங்க. இப்ப, எடத்த விட்டு நகராதவனுக்குச் சொல்லலாம்."

"சாப்பிட்டுப் போயேன்."

"பசிக்கல."

வெளியே போனாள். நான் துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். இது முதல் படி. தொண்டையைச் செருமினேன். இது இரண்டாவது. மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.

நாங்கள் குடியிருப்பது நான்காம் மாடி. அவள் போனது லிஃப்டில். லிஃப்டுக்கு ஏது மூன்றாம் படி? கதவு மூடுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

5

அதற்குப் பிறகு போன் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். நகவெட்டி எங்கே என்று கேட்டேன். அலமாரியில் இரண்டாவது தட்டு என்றாள். இருந்தது.

இப்போதெல்லாம் காய்கறிக்காரரிடம் நீட்டி நீட்டிப் பேரம் பேசுகிறேன். விலைக்காக அல்ல, வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். முந்தாநாள் நான் வாயைத் திறக்குமுன்பே, நீங்க கேக்குற விலைக்கே எடுத்துக்குங்க சார், மத்தவங்களையும் பாக்கணும், என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அரை மணி நேரத்துக்குக் கிளம்பியவன் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, நாலு கத்தரிக்காயை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

(நாலாம் பகுதியில் எடை குறைத்துவிட்டேன். திருத்துகிறேன். எங்கள் லிஃப்ட் பழையது. பொத்தானை அழுத்தினால் மேலே வர இரண்டு நிமிடமாவது ஆகும். வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. அந்த இரண்டு நிமிடமும் அவள் நின்றுகொண்டிருந்தாள், பெட்டிகளைக் கீழே வைக்காமல். ஒரே சட்டையை நான் மூன்று தடவை மடித்தேன்.)

6

முடிவுக்கு மூன்று ரகம் எடுத்துப் போடுகிறேன்.

ஒன்று. போகிறேன். கதவைத் திறக்கிறாள். இரண்டாவது அறையில் செருப்புக்கடைப் பெட்டிகள். அவற்றை நகர்த்தி எனக்கு இடம் பண்ணுகிறாள். பார்க்க நன்றாக இருக்கிறது; ஒரு சலவைக்குத் தாங்குமா தெரியாது.

இரண்டு. போகவில்லை. அந்த அறைக்கு ஒரு நர்ஸ் குடிவருகிறாள். இருவரும் சேர்ந்து சமைக்கிறார்கள். நான் இங்கே அண்ணன் பக்கத்து நாற்காலியில் வயதாகி

இது வேண்டாம்.

மூன்று. வருகிறேன் என்று சொல்கிறேன். அவள், "பார்க்கலாம்" என்கிறாள்.

இத்தனை பக்கம் நான் சுற்றி வளைத்ததே இந்த மூன்றாவதற்குப் பயந்துதான். அந்தச் சொல்லை வாழ்நாளெல்லாம் விற்றிருக்கிறேன், ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

7

அட்டையை எழுதிவிட்டேன். 'வருகிறேன். இருபத்தோராம் தேதி காலை ரயில்.' விலையை முதலில் சொல்லியாயிற்று. அப்பா இருந்திருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பார்.

தபால்பெட்டி தெருமுனையில் இருக்கிறது. பதினொரு மணிக்கு எடுத்துவிடுவார்கள். லிஃப்ட் இன்று பழுது. லிஃப்டுக்குப் பின்னால் படிக்கட்டு இருக்கிறது. குடிவந்ததிலிருந்து நான் இறங்கியதில்லை. சுவரெல்லாம் தூசி, வெளிச்சம் போதாது. அட்டை சட்டைப்பையில். நோட்டு மடியில். படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து என்னைக் கூப்பிட வீட்டில் யாரும் இல்லை.

முடிவை நான் கட்டித் தரப்போவதில்லை. கணக்கை மட்டும் தருகிறேன். மீதியை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.

மொத்தப் படிகள் அறுபத்து மூன்று.

இறங்கியது மூன்று.

பாக்கி அறுபது.