பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர்

கார்க் கண்ணாடியில் ஒரு காக்கை எச்சம் போட்டதற்காக நான்கு பெரிய மரங்களை வெட்டிச் சாய்த்தவர், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். வாயைத் திறந்தால் "சுத்தம், சுத்தம்" என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் துடைப்பம் என்று பெயர். வெட்டியதோடு விட்டாரா மகராசன்? பூங்காவில் இருந்த புல்லையும் பெயர்த்தெறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரித்தார்.

"இனிமே ஒரு இலை விழாது, ஒரு புழு வராது!" என்று கூட்டத்தில் மார்தட்டினார். மற்ற மேதாவிகளும் கை தட்டினார்கள்.

இலை விழவில்லை; ஆளும் வரவில்லை. தினமும் மரத்தடியில் நாலு பேரோடு பேசிக்கொண்டே நடந்த அவர் மனைவி, டிவி முன்னால் அடைந்து கிடந்தாள். தூக்கம் போனது, சர்க்கரை ஏறியது, எதற்கெடுத்தாலும் அழுகை வந்தது.

"இப்படியே போனா ஊசிதான். தினமும் நடங்கம்மா. பக்கத்துல பார்க் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க வளாகத்துலயே இருக்கு டாக்டர், பச்சைப் பசேல்னு!" என்று முந்திக்கொண்டார் துடைப்பம். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே அவளைக் கையோடு அழைத்துப் போனார்.

"செருப்பக் கழட்டிட்டு நட. புல்லு அழுக்காயிடும்."

கால் வைத்தவள் "ஐயோ!" என்று துள்ளினாள். பகல் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக், அடுப்பில் வைத்த சட்டியாய்க் கொதித்தது. நம்ம அறிவாளி அசருவாரா? காவலாளியை அதட்டி ரப்பர் குழாயை வாங்கி, பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தார்.

"நல்லா ஊத்துங்க சார், சீக்கிரம் வளரும்!" என்று மாடி பால்கனியிலிருந்து ஒருவர் கத்த, சுற்றியிருந்த பால்கனிகளெல்லாம் சிரித்தன.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "போதும் நிறுத்துங்க! மரம் குப்பை போடுதுன்னு வெட்டுனீங்களே, அந்தக் குப்பைய கூட்டித் தள்ளிட்டா முடிஞ்சுது. என் உடம்புல சேர்ற நோய எதால கூட்டுவீங்க? ஊருக்குள்ள இருக்குற மரமும் புல்லும் அழகுக்கு இல்லீங்க, நம்ம உடம்புக்கும் மனசுக்கும். அத அழிக்கிறவன் தன் வீட்டு ஆளோட ஆயுசத்தான் குறைக்கிறான்."

செயலாளர் குழாயைப் போட்டுவிட்டுக் குனிந்து, விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பசையை நன்றாகப் பூசச் சொன்னவரே அவர்தானே!

மனைவி பால்கனிகளை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன சிரிப்பு? அன்னிக்கு இவருக்குக் கை தட்டினீங்கல்ல? அதே கையோட கீழ வந்து இழுங்க!"