அக்கா அழவில்லை

மாமாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. அக்கா சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்; இவள் கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவுகிறாள். வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. மாமாவின் தங்கை என் காதுபடவே, "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே, நெஞ்சா அது" என்றாள். நான் தலை நிமிரவில்லை.

அக்கா இயல்பிலேயே அழுமூஞ்சி. விளம்பரத்தில் நாய்க்குட்டி தொலைந்துபோனால்கூட மூக்கை உறிஞ்சுவாள். போன வருஷம் டிவியில் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. ஆறு மாதமாக அவள் வாரம் தவறாமல் ஓட்டுப் போட்டு வளர்த்த சுருட்டை முடிக்காரன் தோற்றுப்போனான். அக்கா தலையணையைக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து, மூக்கு ஒழுக அழுதாள். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனில் ஒரு படம் எடுத்தேன். முகத்தை மட்டும் வெட்டி ஸ்டிக்கராக்கி நண்பர்கள் குரூப்பில் போட்டேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை, சத்தியமாக.

பத்தே நாளில் அது ஊரைச் சுற்றிவிட்டு என் ஆபீஸ் குரூப்புக்கே வந்தது. லீவு ரத்து என்று மேனேஜர் போட்ட செய்திக்குக் கீழே வரிசையாக என் அக்காவின் முகம். நானும் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டுவைத்தேன். செருப்புக்கடையில் பில் போடும் அக்காவிடம் வாடிக்கையாளர்கள், "நீங்கதானே அது? ஒரு தடவை அழுது காட்டுங்களேன்" என்று போனை நீட்டினார்கள். அவள் முதலாளியிடம் கேட்டு, கடைக்குப் பின்னால் பெட்டி அடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள்.

படம் எடுத்த அன்று அந்த அறையில் இருந்தது மூன்று பேர்தான். "உங்க மாமாவாடா எடுத்தாரு?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. "மாமாவுக்கு எப்பவும் விளையாட்டுதானே" என்றேன், அவ்வளவுதான். மாமா என்னை ஒரு முறை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. அதிலிருந்து நாலு மாதமாகக் கூடத்து சோபாவில் தனியாகத்தான் படுத்தார். இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டதும் அந்த சோபாவில்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, கொஞ்சம் அழுதுடு."

அவள் திரும்பவில்லை. "வெளிய எல்லார் கையிலயும் போன் இருக்குடா" என்றாள்.

இப்போது சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"அந்தப் படத்த எடுத்தது மாமா இல்லக்கா. நான்."

குழாயை மூடினாள். திட்டுவாள், கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது நடந்திருந்தால் தேவலை. ஈரக் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு, நான் நிற்கிற இடத்தில் ஒரு நாற்காலி கிடப்பதுபோல என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

கூடத்தில் பேச்சு அடங்கியது. மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து குனிந்தாள். "என்னங்க" என்று ஒரே ஒரு வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. அதன் பிறகு முகத்தை அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, ஒருவருக்கும் தெரியாதபடி புதைத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது.