வலது தாடையில் ஒரு வேர்

‘கீ... கீ... கீ...’ என்று கணினி அலறியது. திரையில் சிவப்புக் கோடு ஒன்று துடித்தது.

“பாத்து, டாக்டரம்மா! நரம்புகிட்ட போகுது திருகு. அங்க இறக்கினா மனுஷனுக்கு உதடு மரத்தே போயிடும்” என்றார் அறுவை நிபுணர்.

அவள் அவசரமாக மவுஸை இழுத்தாள். முப்பரிமாண ஸ்கேனில் சுழன்றுகொண்டிருந்த தாடை எலும்புக்குள், புதுப் பல்லைத் தாங்கப்போகும் திருகு ஒரு மயிரிழை விலகியது. அலறல் நின்றது.

பின்னால் நின்றிருந்த அவளுடைய மாமனார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். தாடை அவருடையது.

“இதுவா நான்? கல்யாண போட்டோவுலகூட இவ்வளவு தெளிவா விழலையே!”

“மீசை மறைக்கல, அதான்” என்றார் நிபுணர். மூவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் நிபுணர் திரையருகே குனிந்தார். “ஒரு நிமிஷம். இந்த இடத்தைக் குறுக்குவெட்டுல காட்டுங்க.”

எலும்பு ரொட்டித் துண்டுபோல் வெட்டுண்டு விரிந்தது. நடுவே அரை அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றிக் கறுப்பு நிழல்.

“வேர் நுனி! பல்லைப் பிடுங்குறப்போ ஒடைச்சு உள்ளயே விட்டிருக்காங்க. சுத்தி சீழ் வேற. எந்தப் புண்ணியவான் கைவரிசை இது?”

அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன.

ஆறு வருடத்துக்கு முன்பு, கல்யாணமான மூன்றாம் மாதம். ‘வீட்லயே டாக்டர் இருக்கா, வெளியில எதுக்குப் போகணும்?’ என்று பெருமையோடு வந்து உட்கார்ந்தவர் மாமனார். பாதியில் வேர் முறிந்தது. பத்து நிமிடம் தோண்டினாள்; இன்னும் ஆழத்தில் நரம்பு. பயந்துபோய்ப் பஞ்சை அடைத்துவிட்டாள். வெளியே கணவன், மாமியார், நாத்தனார் என்று குடும்பமே காத்திருந்தது. ‘ஒரு துண்டு உள்ளே நின்றுவிட்டது, பெரிய டாக்டரிடம் போகலாம்’ என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ‘வேரோட வந்துடுச்சு’ என்றாள். கோப்பிலும் அப்படியே எழுதிவைத்தாள்.

“டாக்டரம்மா, உங்களைத்தான். யார் பிடுங்கினதுன்னு தெரியுமா?”

இப்போது சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. ஆனால் இந்த நிபுணரிடம் போய் எப்படி?

“தெரியல சார்... வெளியில எங்கயோ...”

மாமனார் அவளை ஒரு கணம் பார்த்தார்.

“ஆமா சார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு டாக்டர். இப்ப தொழிலையே விட்டுட்டார்.”

“நல்லவேளை! நாலு பேர் தாடை தப்பிச்சுது” என்று தொடையில் தட்டிச் சிரித்தார் நிபுணர். ஒவ்வொரு சிரிப்பும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. “முதல்ல இதை எடுத்துச் சுத்தம் பண்ணணும். எலும்பு வளர நாலு மாசமாவது ஆகும். அப்புறம் மறுபடி ஸ்கேன் எடுத்துத்தான் திருகு.”

அடுத்த நோயாளியைப் பார்க்க அவர் போய்விட்டார். அறையில் இருவர் மட்டும். அவளால் திரும்பி முகம் பார்க்க முடியவில்லை. காரணமே இல்லாமல் மவுஸை உருட்டினாள், தாடை சுழன்றது.

“மாமா... அந்த பஸ் ஸ்டாண்ட் டாக்டர்...”

“விடும்மா.”

“இல்ல மாமா. ஒடைச்சது நான்னு உங்களுக்கே இப்பத் தெரிஞ்சிருக்கும். ஆனா எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் மறைச்சேன்.”

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தார்.

“ஒடஞ்ச சத்தம் முதல்ல கேட்டது என் காதுக்குத்தாம்மா. ஆறு வருஷமா நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கடைசியில என்னையும் பொய் சொல்ல வெச்சுட்டியே!”