உரிக்காத சவ்வு

1.

இந்தக் கதை என் வலது கை ஆள்காட்டி விரல் நகத்திலிருந்து வந்தது. கனவில் வந்தது, நிலா வெளிச்சத்தில் வந்தது என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நகத்திலிருந்து வந்ததை நகம் என்றுதான் சொல்வேன்.

முப்பத்தொரு வருடம் அக்ரிலிக் தகடு வளைத்தேன். வங்கிக் கவுண்டரிலும் சாப்பாட்டுக் கடை மேசையிலும் தாளைச் செருகி நிற்க வைத்திருப்பார்களே, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு, அதைச் செய்கிற வேலை. ஈப்போவை ஒட்டிய மெங்லெம்புவில் பட்டறை. தகட்டைச் சூட்டுக் கம்பி மேல் வைத்து, மனதுக்குள் நாற்பது எண்ணி, மரச்சட்டத்தில் அழுத்திப் பிடித்தால் கால் மடங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை.

முதல் வரியைப் பல விதமாக எழுதினேன். அடித்ததையும் விட்டுவைக்கிறேன். எதையோ மறைத்தேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

[அன்று மெங்லெம்புவில் மழை பெய்துகொண்டிருந்தது. — இங்கே மத்தியானமானால் மழைதான். இதில் என்ன செய்தி?]

[கம் லான் ஒரு பொய் சொன்னாள். — அவசரம். அவள் யாரென்றே இன்னும் சொல்லவில்லை.]

[மேசை மேல் இருந்த அட்டை மட்டும் பேசினால் — ] அட்டை பேசாது. அடுத்த பகுதிக்குப் போவோம்.

2.

ஸ்டாண்டு எதற்கு என்று கேட்டால், வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல என்பார்கள். பாதி உண்மை. வாயால் சொல்லக் கூசுவதைச் சொல்லத்தான் கடைக்காரன் ஸ்டாண்டு வாங்குகிறான். 'வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது.' 'உட்கார்ந்தால் ஒரு பானமாவது வாங்க வேண்டும்.' 'டுரியான் பழத்தோடு அறைக்குள் வராதீர்கள்.' இதை முகத்துக்கு நேராகச் சொன்னால் சண்டை. ஸ்டாண்டு சொன்னால் யாரும் ஸ்டாண்டோடு சண்டைக்குப் போவதில்லை. கிளினிக் மேசையில் 'சத்தம் போடாதீர்கள்' என்று நிற்கும். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண் சிரித்துக்கொண்டே இருப்பாள். கோபத்தை அட்டை பார்த்துக்கொள்கிறது, சிரிப்பு அவளுக்கு மிச்சம்.

அதனால் எனக்கு எந்த அட்டையிலும் நம்பிக்கை கிடையாது. எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, எழுதாதது எது என்று தேடுவேன். செய்தவனுக்கே இல்லாத நம்பிக்கை உங்களுக்கு எதற்கு?

ஒரு தொழில் விவரம் சொல்லிவிடுகிறேன், கதைக்கு வேண்டும். தகடு வரும்போதே இரண்டு பக்கமும் பால் நிறத்தில் ஒரு சவ்வு ஒட்டியிருக்கும், கீறல் விழாமலிருக்க. உள்பக்கத்தை நாங்களே உரித்துவிடுவோம். வெளிப்பக்கத்தைக் கடைக்காரர்தான் உரிக்க வேண்டும். உரிக்க மாட்டார்கள்.*

* எங்கள் ஊர் வழக்கம் அப்படி. குளிர்பெட்டிக் கதவு, டிவி ரிமோட், கார் சீட்டு, எதிலும் சவ்வை உரிப்பதில்லை. புதுசு புதுசாகவே இருக்க வேண்டுமாம். ஒரு மருந்துக் கடையில் 'கண் பரிசோதனை இலவசம்' என்ற அட்டை ஏழு வருடம் சவ்வுக்குள்ளேயே மங்கலாக நின்றது. படிக்க முடியாதவன் கட்டாயம் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

3.

கம் லானுக்கு அறுபது வயதிருக்கும். அவளும் கணவன் ஹோய் சுன்னும் ஆறு மேசை போட்டு ஹோர் ஃபன் கடை நடத்தினார்கள். மெல்லிசான அரிசி நூடுல்ஸ், உரித்த கோழி, இறால் தலையை வதக்கி இறக்கிய சூப். அடுப்பு பின்கட்டில். கிண்ணம் மட்டும் ஒரு சின்ன ஜன்னல் வழியே வெளியே வரும். ஆறு மேசையிலும் நான் வளைத்த பழைய ஸ்டாண்டு. அதற்குள் ஒரே வரி: 'ஒவ்வொரு கிண்ணமும் தவுக்கே ஹோய் சுன் கையால்.' தவுக்கே என்றால் முதலாளி.

மார்ச் மாதம் ஹோய் சுன்னுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. கடை பன்னிரண்டு நாள் பூட்டியிருந்தது. ஷட்டரில் சிவப்புத் தாள் ஒட்டினாள்: 'முதலாளி வீட்டில் நல்ல காரியம். கடை விடுமுறை.' இங்கே சீனர் கடை எதற்காக மூடினாலும் அதே சிவப்புத் தாள்தான். நோயையும் சாவையும் ஷட்டரில் எழுதுகிற ஆள் கிடையாது.

பதின்மூன்றாம் நாள் கடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்தவர் ஃபூக். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவர் பின்னால் ஐந்து கிழவர்கள் எப்போதும் வருவார்கள். அவர் எழுந்தால் மேசையே எழுந்துவிடும்.

"என்ன ஆசோ, பேரனா பேத்தியா?" என்றார். ஆசோ என்றால் அண்ணி.

கம் லான் சிரித்துவைத்தாள்.

"சொல்ல மாட்டேங்குறாளே! சரி, தவுக்கே எங்க?"

"உள்ள இருக்காரு" என்றாள். அவர் படுத்திருந்த மாடியும் உள்ளேதானே. அன்றைய சூப்பை அவள் வைத்தாள். மறுநாளும். ஐந்து மாதம்.

[இந்த இடத்தில் அவள் மனது உடைந்து அழுதாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அழுததை நான் பார்க்கவில்லை. இருபது கிலோ இறால் உரித்ததைப் பார்த்திருக்கிறேன்.]

4.

ஆகஸ்டில் பட்டறைக்கு வந்தாள். கதையில் என்னை 'வளைக்கிறவர்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். பம்மாத்து. நான் என்றே இருக்கட்டும்.

"அண்ணே, ஆறு ஸ்டாண்டு வேணும், அதே அளவு."

"பழசுக்கு என்ன ஆச்சு? உடைஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப தாளை மாத்து. ஒரு நொடி வேலை. புதுசு எதுக்கு?"

"பழசுல இந்தத் தாளைச் செருகக் கை வரல."

தாளை நீட்டினாள். சீனத்தில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி. மலாய் எனக்குப் படிக்கத் தெரியும். 'மார்ச் மாதம் முதல் சமைப்பவர் கம் லான்.'

நான் தாளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். "அந்த ஃபூக் என்ன சொல்லுவான் தெரியுமில்ல?"

"தெரியும். பொம்பள வெச்ச சூப்பு தண்ணியா இருக்கும், ஒரு வாயில கண்டுபிடிச்சிருவேன்னு சொல்லுவாரு. முப்பது வருசமா சொல்றாரு."

"இப்ப?"

"போன வாரம் சொன்னாரு, தவுக்கே இப்பத்தான் உப்பைக் குறைச்சிருக்கான், புத்தி வந்திருக்கு, இப்பிடி ஒரு சூப்பு இந்தக் கடையிலயே நான் குடிச்சதில்லன்னு." அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "உப்பைக் குறைச்சது டாக்டர் சொல்லி. மாடிக்கும் அதே சூப்புதானே போகுது."

"சந்தோசம்தானே."

"என்னா சந்தோசம் லா? நான் வெச்ச சூப்பைக் குடிச்சிட்டு எங்கிட்டயே அவரைப் புகழ்றாங்க. ஜன்னலுக்குப் பின்னால நின்னு நானும் தலையாட்டுறேன்."

"சொன்னா போயிருவாங்கன்னு பயமா?"

"எதிர்த்த கடையில கிழவன் செத்தான், மகன் கரண்டியப் பிடிச்சான். அதே சூப்பு. நாலு மாசத்துல ஷட்டர இறக்கிட்டான். மாடியில இருக்கவருக்கு மருந்து இந்த ஆறு மேசைலருந்துதான் வரணும்."

ஆறு ஸ்டாண்டு வளைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன்: "சவ்வை உரிச்சிட்டு வை. மறந்துறாத."

"மறப்பேனா?" என்றாள்.

5.

இங்கேதான் எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. இனி வருவதில் பாதி நான் பார்த்தது, மீதி ஊகம். எது எது என்று சொல்லப் போவதில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மேசையிலும் புது ஸ்டாண்டு வைத்தாள். தாளைச் செருகினாள். சவ்வை உரிக்கவில்லை.

ஃபூக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஸ்டாண்டைத் துடைத்தார். மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

"என்ன ஆசோ இது, கண்ணுல புரை விழுந்த மாதிரி! என்ன எழுதியிருக்கு?"

கம் லான் ஜன்னலில் கிண்ணத்தை வைத்தாள். அவளுக்குத் தெரியும், இப்போது சொன்னால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். வாய் திறந்தது.

"அதேதான் எழுதியிருக்கு."

"அதானே. சவ்வை உரிக்க வேண்டியதுதானே?"

"கீறல் விழும்."

"விழும், விழும். என் மருமக கல்யாணத்துக்கு வாங்குன சோபாவ இன்னும் பிளாஸ்டிக்கோட வெச்சிருக்கா. உக்காந்தா உடும்பு மாதிரி ஒட்டிக்குது." கிழவர்கள் சிரித்தார்கள். ஃபூக் ஒரு கரண்டி உறிஞ்சினார். "ம்ம். தவுக்கே கைக்கு வயசே ஆகல."

அவள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று தலையாட்டினாள்.

இவள் கோழையா, கெட்டிக்காரியா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். கோழை என்றால், கோழை எதற்குத் தாளை எழுதினாள்? கெட்டிக்காரி என்றால், எல்லாரும் போய் மேசையைத் துடைக்கும்போது எதற்கு ஆறு ஸ்டாண்டு முன்னாலும் ஒரு நிமிடம் நின்றாள்? அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். யாரும் படிக்க முடியாதபடி சொல்லிவிட்டாள். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

6.

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவது: ஃபூக் சவ்வை உரிக்கிறார், படிக்கிறார், கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுகிறார். ஐந்து கிழவர்களும் எழுகிறார்கள். ஷட்டர் இறங்குகிறது. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் கடைசிக் கிண்ணத்தில் மிச்சமிருந்த சூப்பை ஃபூக் குடிக்காமல் போவார் என்பதை நான் நம்பவில்லை.

இரண்டாவது: உரிக்கிறார், படிக்கிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். சினிமா. மெங்லெம்புவில் யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது: ஹோய் சுன் மாடியிலிருந்து இறங்கி வருகிறான். இடது கையால் ஒவ்வொரு மேசையாகச் சவ்வை உரிக்கிறான். கடைசி மேசையில் பெண்டாட்டியின் பெயரை விரலால் தொட்டு — எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டேன். மாடிப்படி பதினாறு. அவனால் கட்டிலிலிருந்து இறங்க முடியாது. அடித்துவிட்டேன்.

7.

நடந்தது இது. ஒரு புதன்கிழமை நானே போனேன். ஃபூக்கின் மேசையில் ஒரு நாற்காலி காலி. உட்கார்ந்தேன்.

"நீங்கதானே இந்தக் கண்றாவிய வளைச்சது?" என்றார் ஃபூக், ஸ்டாண்டைக் காட்டி.

"வளைச்சது நான். கண்றாவி உங்க கண்ணு."

கிழவர்கள் சிரித்தார்கள். நான் ஸ்டாண்டை என் பக்கம் திருப்பினேன். பழக்கம், மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். மடிப்பு நேராகத்தான் இருந்தது. வலது மேல் மூலையில் சவ்வு தூக்கியிருந்தது. ஒரு அரிசி அகலம். தூக்கி, பின்னால் மடித்து, அழுத்திவிடப்பட்டிருந்தது.

பக்கத்து மேசையைப் பார்த்தேன். அதே மூலை, அதே அகலம். எழுந்து மற்ற நாலையும் பார்த்தேன். ஆறும் ஒரே மாதிரி.

அந்தச் சவ்வு தானாகத் தூக்காது. முப்பத்தொரு வருடம் அதோடு இருந்தவன் சொல்கிறேன், வெயிலுக்கும் தூக்காது, ஈரத்துக்கும் தூக்காது. யாரோ ஒருத்தர் நகத்தை விட்டால்தான் உண்டு. அந்த மேசைகளைத் தினமும் துடைப்பது ஒரே ஆள்.

வந்து உட்கார்ந்தேன். என் நகம் தானாக அந்த மூலைக்குப் போயிற்று. இழுத்தால் ஒரே இழுப்பு. எதிரே ஃபூக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

கம் லான் ஜன்னலில் கிண்ணத்தை வைக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஐந்து மாதத்தில், ஆள் சாப்பிடும்போது அவள் மேசை வரை வந்ததை அன்றுதான் பார்த்தேன். கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். என் விரலைப் பார்த்தாள்.

"அண்ணே, நகம் வெட்டல போல?"

விரலை எடு என்றும் சொல்லவில்லை, இழு என்றும் சொல்லவில்லை. போகவும் இல்லை. ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

நான் விரலை எடுத்துவிட்டேன். அது என் பெயர் இல்லை. அந்தச் சூப்பை வைத்தது நான் இல்லை, ஆறு மேசையும் போனால் மாடிக்கு மருந்து வாங்கப் போவதும் நான் இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். வீட்டுக்கு வந்ததும் பத்து விரலிலும் நகத்தை ஒட்ட வெட்டினேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஃபூக்கின் கிண்ணத்தில் இன்னும் பாதி சூப் இருக்கிறது. சூடு ஆறவில்லை, ருசி நாக்கில் இருக்கிறது. கம் லான் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறாள். ஸ்டாண்டு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது, மூலை தூக்கியிருக்கிறது. நான் உட்கார்ந்த நாற்காலி காலி.

உட்காருங்கள். உங்கள் நகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.