துப்பாக்கிக்காக ஒரு தகப்பன்

தேவமணியின் கைக்குத் துப்பாக்கி வந்தபோதே ஒரு பொய்யும் கூடவே வந்தது. களக்காட்டு மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை 1907-ல் சீமைக்குத் திரும்பினார். பதினோரு வருஷம் தனக்கு ரைட்டராக இருந்தவன், இனிமேல் தோட்டத்தையே கட்டிக் காக்கப் போகிறவன் என்று, சுவரில் மாட்டியிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"லைசென்சு வேண்டாமா?" என்று தேவமணி கேட்டான்.

துரை சிரித்தார். "யாராவது கேட்டால் உன் அப்பனும் என்னைப்போல ஒருத்தன் என்று சொல்லிவிடு. உனக்கு நிறம் இருக்கிறது, தலையில் தொப்பி இருக்கிறது. அதற்குமேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள்."

சட்டம் அப்படித்தான் இருந்தது. இந்த நாட்டு மனிதன் துப்பாக்கி வைத்துக்கொள்வதென்றால் மனுப் போட வேண்டும். சொத்து என்ன, நடத்தை என்ன, துப்பாக்கி எதற்கு என்று தாலுகா கச்சேரியில் குடைந்து குடைந்து கேட்பார்கள். வருஷா வருஷம் லைசென்சைப் புதுப்பிக்கவும் வேண்டும். வெள்ளைக்காரருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. வெள்ளைக்காரத் தகப்பன் வழியில் வந்த சட்டைக்காரருக்கும் கிடையாது.

தேவமணியின் தகப்பனார் தேவதாசன், ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊரில் உபதேசியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாள் பள்ளிக்கூடம் என்று முப்பது வருஷம் உழைத்து, பேதியில் விழுந்தவர்களுக்குக் கஞ்சி கொடுக்கப் போய் அதே பேதியில் செத்துப்போனார். நல்ல சிவப்பு மனிதர். அந்தச் சிவப்புதான் மகனுக்கும் வந்திருந்தது. தாய் சாரம்மாள் ஊரிலேயே இருந்தாள்.

துரை போன பிறகு தேவமணி காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் துப்பாக்கியுமாக மலையை வளைய வந்தான். கூலியாட்கள் 'சின்னத்துரை' என்றார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துப்போயிற்று. 'டேவிட் மனி' என்று கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டான். ஊருக்குப் போவது குறைந்தது. கால்சட்டையோடு போனால் தாய் ஏதாவது கேட்பாள். வேட்டி கட்டிக்கொண்டு மலையிறங்கினால் கூலியாட்கள் பார்ப்பார்கள். இரண்டுக்கும் பயந்து, வருஷத்துக்கு ஒரு தரம் கிறிஸ்துமஸுக்குப் போவதும் நின்றுபோயிற்று.

1911 ஆனி மாதத்தில் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஜில்லா கலெக்டரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப்பின் ஜில்லாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. யார் வீட்டில் என்ன புஸ்தகம், யாருக்கு யார் கடிதம் எழுதினார்கள் என்று தேடினார்கள். ஊர் ஊராகத் துப்பாக்கிகளை எண்ணினார்கள். ஆவணியில் ஒரு நாள் ஹெட்கான்ஸ்டபிள் அசன் முகம்மது மூச்சிரைக்க மலையேறி வந்து, தோட்டத்து பங்களா வராந்தாவில் உட்கார்ந்தார்.

"துரை கோவிச்சுக்கிடக் கூடாது. மேலிடத்து உத்தரவு. துப்பாக்கிக்கு லைசென்சு இருக்கா?"

"எனக்கு எதுக்கு லைசென்சு? நான் ஈரேஷியன், சட்டைக்காரன்."

"அதைத்தான் எழுதிக்கிடப் போறேன். தகப்பனார் பேரு?"

தேவமணி தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "சின்ன வயசுலயே சீமைக்குப் போயிட்டாரு. பேரெல்லாம் தெரியாது."

அசன் முகம்மது அவனை நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார். "கீழ ஒரு கையெழுத்து, துரை." தேவமணி 'டேவிட் மனி' என்று போட்டான். அந்தக் கையெழுத்துத்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. பதினைந்து நாளில் சம்மன் வந்தது. டிப்டி கலெக்டர் நாங்குநேரியில் முகாம் போடுகிறார். துப்பாக்கியோடும், பிறப்புக்கு அத்தாட்சியோடும் ஆஜராக வேண்டும். அத்தாட்சி இல்லையென்றால் பிறப்பு அறிந்த சாட்சி ஒருவரையாவது கூட்டி வரவேண்டும்.

ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டுபோக முடியாது. அதில் தகப்பன் பெயர் தேவதாசன் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. துப்பாக்கியை ஒப்படைத்துவிடலாம் என்றால், நாலு வருஷம் லைசென்சு இல்லாமல் வைத்திருந்த குற்றமும், பொய்க் கையெழுத்தும் அப்படியே இருக்கின்றன. அந்த வருஷம் அப்படிப்பட்டவனை யார் மன்னிப்பார்கள்? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, தேவமணி வேட்டியைக் கட்டிக்கொண்டு தாயைத் தேடி ஊருக்குப் போனான்.

சாரம்மாள் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். மகனைக் கண்டதும் எழுந்து, பதனீர் கொண்டுவந்து கொடுத்து, அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள்.

"எம்மா, நீ கல்யாணத்துக்கு முந்தி பாளையங்கோட்டையில மிஷன் துரைசானி வீட்டுல ஆயாவா இருந்தியே?"

"இருந்தேன். அதுக்கென்னலே இப்போ?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் வந்த காரியத்தைச் சொன்னான். "நீ என்னைப் பெக்கலன்னு சொல்லணும். யாரோ ஒரு துரை வீட்டுப் பிள்ளை, அனாதையா கையில கொடுத்தாவ, நான் வளத்தேன்னு சொல்லணும். அவ்வளவுதான். அதோட கேஸு முடிஞ்சிரும்."

சாரம்மாள் ஓலையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "இல்லன்னா?"

"ஜெயிலு."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு வருஷம் வரைக்கும் போடலாமாம்."

அவள் ஓலையை மறுபடி மடியில் எடுத்து வைத்து முடைந்தாள். அவன் புறப்படும்போது, "எந்தக் கெழமைலே வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்குநேரி கச்சேரியில் அன்று கூட்டம். லைசென்சு புதுப்பிக்க வந்த மிராசுதார்களும் வியாபாரிகளும் துப்பாக்கிகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். அவர்களில் கருப்பட்டி வியாபாரி பரமசிவனும் இருந்தார். சாரம்மாளின் ஊர்தான். "உபதேசியார் சம்சாரம் இங்கன எதுக்கு வந்திருக்கு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் அவர் கேட்டது தேவமணியின் காதில் விழுந்தது. அவன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தாயிடமிருந்து நாலடி தள்ளி நின்றான்.

டிப்டி கலெக்டர் வைத்தியலிங்கம் பிள்ளை நெற்றி நிறைய விபூதியோடு மேஜைக்குப் பின்னால் இருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். சாரம்மாள் வேதப்புஸ்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். ஜன்னலில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும், அம்மா?"

"எம் மவன்."

தேவமணி சொல்லிக் கொடுத்தது இதுவல்ல.

"வளர்த்த மகனா, பெத்த மகனா?"

"பத்து மாசம் சுமந்து பெத்த மவன்."

"அப்போ தகப்பனார்?"

சாரம்மாள் திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஒரு வெள்ளைக்காரத் துரை."

வைத்தியலிங்கம் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரர் தேவதாசன் உபதேசியார்னு சாட்சி விவரத்துல இருக்கே?"

"அவரு நல்லவரு, ஐயா. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"அந்தத் துரை பேரு?"

"பேரு சொல்ல மாட்டேன்."

வைத்தியலிங்கம் பிள்ளை அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேவமணியைப் பார்த்தார். இன்னொரு கேள்வி வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், வரவில்லை. "போகலாம்" என்றார். சட்டைக்காரர் என்பதால் லைசென்சு தேவையில்லை என்று எழுதி, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து, கோயில் தெரு தாண்டி ராஜபாட்டைக்கு வந்தார்கள். அங்கே வில்வண்டி நின்றிருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" தேவமணி கேட்டான். "வளத்தேன்னு சொன்னாப் போதும்னுதானே சொன்னேன்."

"நீ என் வயித்துல பொறக்கலன்னு சொல்ல என் வாய் வரலலே. மத்தது வந்துது, சொல்லிட்டேன்." அவள் பைய வண்டியில் ஏறினாள். "உச்சி வெயிலாகுது. நீ மலைக்குப் போ."

அவனும் போனான். அதை நினைக்கும்போதுதான் பிற்காலத்தில் அவனுக்கு உடம்பு கூசும். அவளோடு ஊருக்குப் போகவில்லை. போகச் சொன்னாள் என்று மலைக்குப் போனான். போகிற வழியெல்லாம், தப்பித்தோம் என்கிற ஆறுதல் ஒரு ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது.

ஆறுதல் நிலைக்கவில்லை. 'சின்னத்துரை' என்று கூலியாட்கள் கூப்பிடும்போதெல்லாம் தாயின் குரல் கேட்டது. செத்தவரை நினைத்தால் இன்னும் மோசம். பேதிக்காரர் குடிசையில் கஞ்சிக்கலயத்தோடு குனிந்து நுழைந்த மனிதரை, மனைவி ஏமாற்றிய அப்பாவியாக்கி, ஒரு கச்சேரி முழுக்கப் பரிதாபப்பட வைத்தாயிற்று. துப்பாக்கியைப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். பன்றி வந்து தோட்டத்தைக் கிண்டியபோதுகூட எடுக்கவில்லை.

பல வருஷத்துக்குப் பிறகு, அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனான். கோயிலில் சாரம்மாள் கடைசி வரிசையில், வாசல் ஓரம் இருந்தாள். முன்பெல்லாம் உபதேசியார் சம்சாரம் என்று முன்வரிசைப் பாய் அவளுக்குத்தான். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். அவள் எழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, போகிறவர்களுக்கு வழிவிட்டுக் காலை மட்டும் மடக்கிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் தேவமணி குருவானவர் பாக்கியசீலன் ஐயரிடம் போய், தாய் ஏன் திருவிருந்துக்கு எழவில்லை என்று கேட்டான்.

"சபை கமிட்டி முடிவு" என்றார் அவர் வருத்தத்தோடு. "பரமசிவன் வந்து ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நான் கூப்பிட்டுக் கேட்டேன். சத்தியம் பண்ணிச் சொன்னது சொன்னதுதான் ஐயரேன்னு சொல்லிட்டா. மனந்திரும்பினேன்னு சபைக்கு முன்னால ஒரு வார்த்தை சொன்னாச் சேர்த்துக்கிடுவோம். அதுவும் சொல்ல மாட்டேங்கா. செய்யாததுக்கு எப்படி மன்னிப்புக் கேப்பா? எனக்கும் தெரியும், தேவமணி. ஆனா அவ வாயால வரணுமே."

"நான் சொல்லுதேன். இப்பவே சபைக்கு முன்னால சொல்லுதேன்."

"நீ இங்கன சொன்னா அங்கன கச்சேரிக்குப் போகும். பொய்ச் சத்தியம்னு அவளைத்தான் முதல்ல பிடிப்பாவ. யோசிச்சுச் செய்யி."

தேவமணி யோசித்தான். வீட்டில் தாய் போட்ட சோற்றைக் குனிந்த தலை நிமிராமல் தின்றான். அவள் கச்சேரியைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மீன்குழம்பில் புளி தூக்கலாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். ஒரு திட்டாவது திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் மலைக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் வைத்தியலிங்கம் பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்றான். வேட்டிதான் கட்டியிருந்தான்.

"என்ன வே, தொப்பியைக் காணோம்?" என்றார் அவர்.

தேவமணி சொன்னான். எங்கும் நிறுத்தாமல், துரை சிரித்ததிலிருந்து தாய் வண்டி ஏறினது வரை சொன்னான். வைத்தியலிங்கம் பிள்ளை முழுவதையும் கேட்டார்.

"அன்னைக்கே தெரியும்" என்றார் கடைசியில். "அந்த அம்மாகிட்ட இன்னொரு கேள்வி கேட்க எனக்கு நாக்கு வரலை. கேட்டிருக்கணும். அது என் தப்பு." பிறகு, "துப்பாக்கியை வச்சிட்டுப் போம். தானாக ஒப்படைத்தார்னு எழுதிக்கிடுதேன். அதோட முடிஞ்சிரும்" என்றார்.

"அம்மா சொன்னது?"

"அது பதிவாயிட்டு. அது அப்படியேதான் இருக்கும்."

"அப்படின்னா என் வாக்குமூலத்தையும் எழுதிக்கிடுங்க, ஐயா. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன், ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்தினேன்னு எழுதுங்க. அவளை விட்டுருங்க."

"ஆறு மாசமாவது உள்ள இருக்க வேண்டியிருக்கும்."

"இருக்கேன்."

ஆறு மாசம்தான் விதித்தார்கள். சாரம்மாள் மகனுக்குப் பயந்து சொன்னாள் என்று வைத்தியலிங்கம் பிள்ளை குறிப்பு எழுதி, அவள்மேல் வழக்கு வராமல் பார்த்துக்கொண்டார். தோட்டத்து வேலை போயிற்று. சபை கமிட்டி கூடி அவளைத் திரும்பவும் திருவிருந்தில் சேர்த்துக்கொண்டது.

சிறைக்கு அவள் ஒரே ஒரு தரம் வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் மொட்டைத்தலையைப் பார்த்தாள்.

"இங்க வரக் கூடாதுன்னுதானேலே நான் அதைச் சொன்னேன்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். "அவ்வளவையும் வீணாக்கிட்டியே."

தன் மனச்சுமை இறங்க வேண்டும் என்றுதான் ஓடினோமோ, அவளைக் கேட்கக்கூட இல்லையே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முதல் தரமும் அவளுக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை, இரண்டாம் தரமும் கேட்கவில்லை.

வெளியே வந்தபின் ஊரிலேயே தங்கினான். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். மற்ற நேரம் தாய்க்கு ஓலை கிழித்துக் கொடுத்தான். உண்மை தெரிந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தான். அடுத்த தை மாதத்தில் ஒரு காலை, ஊர்க் கிணற்றில் யார் வாளியை முந்தி இறக்குவது என்று பேச்சு வந்தது. சாரம்மாளைப் பார்த்து ஒரு பெண் சொன்னாள்:

"சட்டைக்காரனைப் பெத்தவளுக்கு வாயைப் பாரு."

சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அவளை அதட்டவில்லை. இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பத்தடி தள்ளித் தேவமணி குடத்தோடு நின்றான். ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தான். என்ன சொல்வது? இவர்கள் வாயில் அந்த வார்த்தையைப் போட்டவனே அவன்தான்.

சாரம்மாள் தன் முறை வரும் வரை நின்று, நிதானமாக இறைத்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவன் இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். பாதி வழியில் அவள் நின்று, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே நடந்தாள்.