கோவிந்தராசுவின் ஞானஸ்நானம்

கோவிந்தராசுவுக்குப் பதினாலு வருடமாக ஞானஸ்நானம் எடுக்க நேரம் கிடைக்கவில்லை. ஞாயிறுதோறும் மனைவி ஜெயாவைத் திருக்காட்டுப்பள்ளி லுத்தரன் சர்ச்சில் இறக்கிவிட்டு, வெளியே பைக்கில் உட்கார்ந்தே பிரசங்கம் முழுவதையும் கேட்பார். போதகர் ஞானாபரணம் கேட்டால், "நடவு முடியட்டுங்க ஐயா" என்பார். நடவு முடிந்தால் களை, களை முடிந்தால் அறுப்பு. விவசாயிக்கு வேலை என்றைக்குத் தீர்ந்திருக்கிறது?

நேற்று வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆபத்தில் விசுவாசி எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஜெயா சிறுவயதில் படித்திருந்தாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி, வாய்க்கால் தண்ணீரை அள்ளி அவர் தலையில் ஊற்றினாள். அவர் பிழைக்கவில்லை.

இன்று காலை அவள் போதகரின் அறைக்கு வந்தாள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் மகளை அடக்கம் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் அவருக்கும் இடம் வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் இடம் என்பது சபை விதி.

"நீங்க கொடுத்தது செல்லும்மா," என்றார் ஞானாபரணம், நிம்மதியாக. செயலர் ரெத்தினம் பதிவேட்டைத் திறந்தார்.

"ஒண்ணு சொல்லணுங்க ஐயா. தண்ணி ஊத்தறப்ப அவருக்கு மூச்சு இருந்துச்சான்னு தெரியல."

ரெத்தினத்தின் பேனா நின்றது. இறந்தவருக்கு ஞானஸ்நானம் கிடையாது. அது மூவருக்கும் தெரியும்.

"இருந்துச்சுன்னு சொல்லிடுங்கம்மா, எழுதிடறேன்," என்றார் ரெத்தினம். அவர் கெட்டவர் இல்லை. அவள் அப்படியே சொல்லிவிட மாட்டாளா என்று ஞானாபரணத்துக்கும் இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

"பொய் சொல்லியா அவரைப் பரலோகத்துக்கு அனுப்பறது?" என்றாள் ஜெயா. "சபையில சேராமப் போனவரு ரட்சிக்கப்படுவாரா, மாட்டாரா? அதை மட்டும் சொல்லுங்க ஐயா."

சபை யாரையும் ரட்சிப்பதில்லை, கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசமே போதும் என்று முப்பது வருடம் பிரசங்கித்தவர் ஞானாபரணம். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. அந்த முப்பது வருடத்தில் யாரும் இப்படி எதிரே உட்கார்ந்து கேட்டதில்லை.

"அவரு நம்பினாராம்மா?"

"ஜெபம் பண்ணாம ஒருநாளும் வயல்ல இறங்கினதில்லைங்க."

"அப்ப அவரைக் கர்த்தர் பார்த்துக்குவாரு. கர்த்தரோட வார்த்தையை மனுஷங்க காதுல போடறதுதான் நம்ம வேலை. கதவைப் பூட்டறது இல்ல." ரெத்தினத்திடம் திரும்பினார். "ஞானஸ்நானப் பதிவேட்டுல எதுவும் எழுத வேணாம். மகள் பக்கத்துலயே குழி வெட்டச் சொல்லுங்க."

"சபைக் கமிட்டி உங்களை வேற ஊருக்கு மாத்தச் சொல்லும் ஐயா."

"சொல்லட்டும். நாலு மணிக்கு அடக்கம்."

நேற்றிலிருந்து அழாத ஜெயா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.